பத்து லட்சம் பேருக்கு எத்தனை பேர்? நாடுகளின் கொரோனா எண்ணிக்கையை ஒப்பிடுவது எப்படி

2021 மே 6. இந்தியாவில் அந்த ஒரே நாளில் 4,14,188 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. அதுவரை உலகில் பதிவான ஒருநாள் எண்ணிக்கைகளில் அதுதான் அதிகம். பத்து மாதம் கழித்து, 2022 மார்ச் 17 அன்று, தென் கொரியா ஒரே நாளில் 6,21,328 பேரை அறிவித்தது.

இரண்டையும் மக்கள்தொகையால் வகுத்துப் பார்ப்போம். 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவில் அன்று 10 லட்சம் பேருக்குச் சுமார் 300 பேர். 5 கோடியே 20 லட்சம் பேர் வாழும் தென் கொரியாவில் 10 லட்சம் பேருக்கு 12,000 பேர். நாற்பது மடங்கு. வகுத்ததில் பிழை ஒன்றும் இல்லை.

ஆனால் 2021 மே மாதத்தை மறக்காதவர்கள் யாரும் அந்த நாற்பது மடங்கை அப்படியே ஏற்க மாட்டார்கள். இந்தியாவில் ஆக்சிஜன் சிலிண்டருக்காகவும் ஒரு படுக்கைக்காகவும் குடும்பங்கள் இரவு பகலாக அலைந்த வாரம் அது. தினமும் 18 லட்சம் அளவில் பரிசோதனை நடந்தது, அதில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் பாசிட்டிவ். பரிசோதனைக்கே போக முடியாமல் வீட்டில் படுத்துக் கிடந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. தென் கொரியாவில் நிலைமை வேறு. நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் இரண்டு தவணை தடுப்பூசி போட்டிருந்தார்கள், பரவியது ஒமிக்ரான். அதோடு மார்ச் 14 முதல், மருத்துவரிடம் செய்த விரைவு ஆன்டிஜென் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தாலே போதும், பிசிஆர் என்ற ஆய்வகப் பரிசோதனை இல்லாமலேயே தொற்று உறுதி என்று எண்ணத் தொடங்கியிருந்தார்கள். அந்த உச்சம் வந்தது இந்த மாற்றத்துக்கு மூன்று நாள் கழித்து.

சரி, அப்படியானால் மக்கள்தொகையால் வகுப்பதே வீண் வேலையா? இல்லை. வகுக்காமல் ஒப்பிடவே முடியாது. ஆனால் வகுத்தல் ஒரே ஒரு குறையைத்தான் தீர்க்கிறது: நாடு பெரியதா சிறியதா என்ற வேறுபாடு. மற்ற வேறுபாடுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில் இணையத்தில் நாம் பார்த்த பட்டியல்களில் பலரும், நானும்தான், இதை மறந்துவிட்டோம். ஒரு நெடுவரிசையின் தலைப்பைத் தொட்டால் நாடுகளின் வரிசையே மாறிவிடும். அப்படி மாறி வந்ததையே தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டோம்.

லண்டன், 1854

வகுத்தல் ஏன் தேவை, அது எப்போது பலன் தரும் என்பதற்கு ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் 1854இல் செய்த கணக்கை விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. லண்டனில் காலரா பரவிய முதல் ஏழு வாரங்களின் சாவுகளை, இறந்தவர்களின் வீட்டுக்கு எந்தக் கம்பெனி தண்ணீர் கொடுத்தது என்று பார்த்து அவர் பிரித்தார். சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனியின் தண்ணீர் வந்த வீடுகளில் 1,263 சாவுகள். லாம்பெத் கம்பெனியின் வீடுகளில் 98. லண்டனின் மற்ற வீடுகளில் எல்லாம் சேர்த்து 1,422.

இந்த மூன்று எண்களை மட்டும் பார்த்தால் "மற்ற லண்டன்" தான் மோசம். நாடுகளின் மொத்த எண்ணிக்கைப் பட்டியலைப் பார்ப்பதும் இதே மாதிரிதான், பெரியதுதான் மேலே வரும். ஸ்னோ வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தார். சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹாலுக்கு 40,046 வீடுகள், லாம்பெத்துக்கு 26,107 வீடுகள், மற்ற லண்டனில் 2,56,423 வீடுகள். இப்போது 10,000 வீடுகளுக்கு எத்தனை சாவு என்று பார்த்தால் முதல் கம்பெனிக்கு 315, லாம்பெத்துக்கு 37, மற்ற லண்டனுக்கு 60க்கும் குறைவு. முதலிடத்தில் இருந்தது இறங்கிவிட்டது, குற்றவாளி மேலே வந்துவிட்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி நகரத்தின் சாக்கடை கலக்கும் இடத்தில் தேம்ஸ் நதித் தண்ணீரை எடுத்தது. லாம்பெத் தண்ணீர் எடுக்கும் இடத்தை 1852இலேயே நதியின் மேல்பகுதிக்கு மாற்றிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது வகுத்தலை மட்டுமல்ல. தெற்கு லண்டனின் பெரும் பகுதியில் இரண்டு கம்பெனிகளின் குழாய்களும் ஒரே தெருக்களில் ஓடின. பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கே வேறு வேறு கம்பெனித் தண்ணீர். பணக்காரர், ஏழை, முதியவர், குழந்தை என எல்லாரும் இரண்டு பக்கமும் கலந்து இருந்தார்கள். சாவுகளை எழுதிய அலுவலகம் ஒன்றுதான், கணக்கு எடுத்த ஏழு வாரமும் ஒன்றுதான். வகுத்த பிறகு மிஞ்சிய வேறுபாட்டுக்குத் தண்ணீரைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம். நாடுகளை ஒப்பிடும்போது இதில் எதுவுமே நம் கையில் இல்லை. எண்ணும் விதம் வேறு, மக்களின் வயது வேறு, அலை வந்த காலம் வேறு. அதனால்தான் ஸ்னோவின் கணக்கில் அவ்வளவு தெளிவாகப் பேசிய வகுத்தல், நாடுகளிடம் வந்தால் தடுமாறுகிறது.

அலகு ஒன்றா?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் விட்டுவிட முடியாது. ஜெர்மனி ஒரு லட்சம் பேருக்கு ஏழு நாள் கூட்டலைச் சொன்னது. ஐரோப்பிய நோய்த்தடுப்பு மையம் ஒரு லட்சம் பேருக்கு 14 நாள் கூட்டலைச் சொன்னது. பல இணையதளங்கள் 10 லட்சம் பேருக்கு ஒரு நாள் சராசரியைக் காட்டின. ஒரே நாட்டின் ஒரே நிலவரத்தை 14 நாள் கணக்கில் 40 என்றும், ஏழு நாள் கணக்கில் 20 என்றும், லட்சத்துக்கு ஒரு நாள் சராசரி 2.9 என்றும், 10 லட்சத்துக்கு 29 என்றும் சொல்லலாம். நான்கும் சரி. ஒரு செய்தியில் இருந்து ஓர் எண்ணையும் இன்னொன்றில் இருந்து வேறு எண்ணையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் வம்பு.

இந்த எண்களுக்கு உண்மையான விளைவும் இருந்தது. 2020 கோடையில் பிரிட்டன், எந்த நாட்டில் இருந்து வருகிறவர்கள் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்ய, ஏழு நாளில் லட்சத்துக்கு 20 பேர் என்ற அளவை ஒரு முக்கிய எல்லையாக வைத்திருந்தது. எண் 19ஆ 21ஆ என்பதைப் பொறுத்து ஒரு குடும்பம் இரண்டு வாரம் வீட்டுக்குள் இருக்க வேண்டிவரும்.

சிறிய நாடு, பெரிய நாடு

இத்தாலி சூழ்ந்த குட்டி நாடான சான் மரினோவில் சுமார் 34,000 பேர்தான் வாழ்கிறார்கள். 2020 ஏப்ரல் இறுதிக்குள் அங்கே கொரோனாவால் நாற்பது பேர் அளவில் இறந்திருந்தார்கள். 10 லட்சத்துக்குக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 1,200. உலகப் பட்டியலில் உச்சி. அந்த நாட்டு மக்களுக்கு அது பெரிய துயரம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த விகிதத்தின் நடத்தையைப் பாருங்கள். அங்கே இன்னும் ஒருவர் இறந்தால் விகிதம் 29 கூடும். அமெரிக்காவில் விகிதம் அதே 29 கூட வேண்டும் என்றால் 9,600 பேர் இறக்க வேண்டும். வாடிகனில் சுமார் 800 பேர் வாழ்கிறார்கள். 2020 வசந்த காலத்தில் அங்கே 12 பேருக்குத் தொற்று. 10 லட்சத்துக்கு 15,000! சிறிய எண்ணிக்கையில் விகிதம் இப்படித்தான் துள்ளும்.

இதை விட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. தொற்று தொடங்கும் காலத்தில், பரவும் வேகத்துக்கும் நாட்டின் மொத்த மக்கள்தொகைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு நகரத்துக்கு ஒரு தொற்றாளர் வருகிறார். அவரிடம் இருந்து மூன்று பேர், அவர்களிடம் இருந்து ஒன்பது பேர். அந்த நகரம் 50 லட்சம் பேர் உள்ள நாட்டில் இருந்தாலும் 100 கோடிப் பேர் உள்ள நாட்டில் இருந்தாலும் முதல் சில வாரங்களின் கதை ஒன்றுதான். ஆனால் மக்கள்தொகையால் வகுத்தால், பெரிய நாடு பிரமாதமாகக் கட்டுப்படுத்துவது போலவும் சிறிய நாடு கோட்டை விட்டது போலவும் தெரியும். 2020 மார்ச்சில் பெரிய நாடுகள் சிலவற்றுக்குக் கிடைத்த அந்த நிம்மதி வகுத்தலால் வந்த நிம்மதி. ஆகவே தொடக்கத்தில் மொத்த எண்ணிக்கை எத்தனை நாளில் இரட்டிப்பாகிறது என்பதைப் பார்ப்பதுதான் பொருத்தம். தொற்று நாடு முழுக்கப் பரவி, சுமையைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது மக்கள்தொகை விகிதம் அர்த்தம் பெறுகிறது.

நாடு என்ற எல்லையே ஒரு பெரிய சராசரி. சீனாவை எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரல் நடுவில் சீன நிலப்பகுதியில் மொத்தம் சுமார் 82,700 பேர் உறுதியானவர்கள். 140 கோடியால் வகுத்தால் 10 லட்சத்துக்கு 60கூட இல்லை. ஆனால் அதில் 68,000 பேர் ஹூபே மாகாணத்தில் மட்டும். அங்கே சுமார் 5 கோடியே 90 லட்சம் மக்கள். விகிதம் 1,150 ஆகிறது. ஹூபேக்குள்ளும் 50,333 பேர் வூஹான் நகரத்தில். 1 கோடியே 10 லட்சம் பேர் உள்ள அந்த நகரத்தில் விகிதம் 4,500ஐத் தாண்டுகிறது. ஒரே தொற்று, ஒரே தேதி. 60, 1,150, 4,500. நீங்கள் எதைச் சுற்றி எல்லைக்கோடு வரைகிறீர்களோ அதைப் பொறுத்து விடை. மற்ற நாடுகளோடு எதை ஒப்பிடுவது? சான் மரினோவை எடுத்துக்கொண்டு சீனா முழுவதோடு ஒப்பிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. சுற்றிலும் இத்தாலியே இருக்கும் அந்தச் சிறு நாட்டை, பக்கத்தில் உள்ள ஓர் இத்தாலிய மாகாணத்தோடு ஒப்பிடுவதுதான் முறை.

மேலே உள்ள எண்

பின்னத்தின் மேலே இருப்பது நோய் வந்தவர்களின் எண்ணிக்கை என்று நினைக்கிறோம். உண்மையில் அது நோய் இருப்பதாகக் கண்டுபிடித்து, பதிவு செய்து, அறிவித்தவர்களின் எண்ணிக்கை. இந்த வேறுபாட்டைச் சொன்னால் எல்லாரும் "ஆமாம், தெரியும்" என்பார்கள். ஆனால் அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை ஐஸ்லாந்தையும் பிரிட்டனையும் பக்கத்தில் வைத்தால்தான் உறைக்கும்.

2020 மே இறுதியில் ஐஸ்லாந்தில் சுமார் 1,800 பேருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. மக்கள்தொகை 3 லட்சத்து 64 ஆயிரம். 10 லட்சத்துக்கு ஏறக்குறைய 5,000. அதே நேரம் பிரிட்டனில் 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல். 6 கோடியே 70 லட்சத்தால் வகுத்தால் 4,100 அளவில் வருகிறது. பட்டியலின்படி பிரிட்டனை விட ஐஸ்லாந்து மோசம். இப்போது இறப்பைப் பாருங்கள். ஐஸ்லாந்தில் 10 பேர், அதாவது 10 லட்சத்துக்கு 27. பிரிட்டனில் 38,000க்கு மேல், அதாவது 10 லட்சத்துக்கு 570 அளவில். இருபது மடங்கு.

காரணம் மர்மம் ஒன்றும் இல்லை. ஐஸ்லாந்தில் மார்ச் மாதமே டிகோட் ஜெனிட்டிக்ஸ் என்ற மரபியல் நிறுவனம், அறிகுறி இல்லாதவர்கள் உட்பட விரும்பி வந்தவர்களை எல்லாம் பரிசோதித்தது. தொற்றாளரோடு பழகியவர்களை அரசு தேடித் தேடிப் பிடித்தது. பிரிட்டனில் அந்த மாதங்களில் பரிசோதனை பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்தவர்களுக்குத்தான். ஐஸ்லாந்தின் 5,000இல் லேசான இருமல்காரர்களும் இருந்தார்கள். பிரிட்டனின் 4,100இல் இருந்தவர்கள் பெரும்பாலும் மூச்சுக்குப் போராடியவர்கள். இரண்டுக்கும் பெயர் மட்டும் ஒன்று.

மறுகோடியில் தான்சானியா. 2020 ஏப்ரல் கடைசியோடு அந்த நாடு தேசிய எண்ணிக்கையை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. சர்வதேசப் பட்டியல்களில் அதன் பெயருக்கு எதிரே 509 என்ற எண் ஓராண்டுக்கு மேல் அசையாமல் நின்றது. சுமார் 6 கோடி மக்களுக்கு 509 பேர், 10 லட்சத்துக்கு எட்டரை. உலகின் மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்று. பட்டியலை வரிசைப்படுத்தும் கணினிக்கு, எண்ணாததும் இல்லாததும் ஒன்றுதான்.

எண்ணும் விதி மாறினாலும் வரைபடத்தின் கோடு துள்ளும். 2020 பிப்ரவரியில் ஹூபேயில் ஆய்வக முடிவு இல்லாவிட்டாலும் நுரையீரல் ஸ்கேன், அறிகுறிகளை வைத்து மருத்துவர் சொன்னால் எண்ணலாம் என்று மாற்றியபோது, ஒரே நாளில் 14,840 பேர் கூடினார்கள். அதில் 13,332 பேர் புது விதியால் உள்ளே வந்தவர்கள். அந்த நாள் நோய் அப்படி வெடிக்கவில்லை.

சரி, தவறவிட்டவர்களை மதிப்பிட வழி இல்லையா? உண்டு. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மக்களிடம் பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020 மே, ஜூனில் நடத்திய முதல் தேசிய ஆய்வு, மே மாதத் தொடக்கத்திலேயே சுமார் 64 லட்சம் பெரியவர்களுக்குத் தொற்று வந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. உறுதியான ஒவ்வொருவருக்கும் பின்னால் 82 முதல் 130 தொற்றுகள். இந்த மடங்கு நிலையானதல்ல, பரிசோதனை கூடக் கூட அது குறையும். அடுத்த ஆண்டு ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கினரிடம், சரியாகச் சொன்னால் 67.6 சதவீதம் பேரிடம், எதிர்ப்பொருள் இருந்தது. அறிவித்த எண்ணிக்கையின்படி அப்போது நூற்றில் இரண்டு பேருக்குத்தான் தொற்று. தடுப்பூசியால் வந்த எதிர்ப்பொருளும் 67.6இல் சேர்ந்திருக்கிறது, ஆனாலும் இடைவெளி பிரம்மாண்டமானது.

எளிய துணை எண் ஒன்றும் உண்டு, பாசிட்டிவ் விகிதம். நூறு பேரைச் சோதித்தால் எத்தனை பேருக்குத் தொற்று? ஒன்றிரண்டு என்றால் வலை அகலமாக விரிந்திருக்கிறது. இருபது, முப்பது என்றால் நோயாளிகள் பலர் வெளியே இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020 அக்டோபரில் பயணத்துக்கான வண்ண வரைபடத்தைக் கொண்டுவந்தபோது இதைச் சேர்த்துக்கொண்டது. 14 நாளில் லட்சத்துக்கு 25க்குக் கீழே இருந்தால் மட்டும் பச்சை கிடைக்காது, பாசிட்டிவ் விகிதமும் 4 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். போதிய பரிசோதனையே செய்யாத பகுதிக்குச் சாம்பல் நிறம். நாடுகளை ஒப்பிடும் எந்தப் பட்டியலிலும் அந்தச் சாம்பல் நிறம் இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். தான்சானியா அங்கேதான் போயிருக்கும்.

கீழே உள்ள எண்

மக்கள்தொகை என்பது உறுதியான எண் என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியில்லை. லெபனானில் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1932இல். இந்தியாவில் 2021இல் நடக்க வேண்டியது தள்ளிப்போனதால் பெருந்தொற்றுக் காலம் முழுக்கக் கையில் இருந்தது 2011இன் 121 கோடி. அதற்குப் பிறகானவை எல்லாம் மதிப்பீடுகள். ஆனால் இதனால் வரும் பிழை பத்து, பதினைந்து சதவீதம்தான். மேலே உள்ள எண்ணில் வரும் பிழை மடங்குக் கணக்கில் இருக்கும்போது, இதற்காக ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை.

யாரை எண்ணுகிறோம், யாரால் வகுக்கிறோம் என்பது பொருந்தாமல் போவதுதான் பெரிய கவலை. லக்சம்பர்க்கில் ஆறு லட்சத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியில் இருந்து தினமும் வேலைக்கு வந்துபோகிறவர்கள் சுமார் 2 லட்சம் பேர். அவர்களுக்கு லக்சம்பர்க்கில் சோதனை செய்து பாசிட்டிவ் வந்தால் மேலே சேர்ப்பதா? சேர்த்தால் கீழேயும் சேர்க்க வேண்டும் அல்லவா? 2020 ஜூலையில் ஜெர்மனி லக்சம்பர்க்கை ஆபத்துப் பகுதியாக அறிவித்தபோது, நாங்கள் மற்றவர்களை விடப் பல மடங்கு சோதிக்கிறோம், அதனால்தான் எண் கூடுகிறது என்று லக்சம்பர்க் சொன்னது. அதில் நியாயம் இருந்தது.

வயது

கத்தாரின் கணக்கைப் பாருங்கள். 28 லட்சம் பேர் உள்ள அந்த நாட்டில் 2020 ஆகஸ்ட் இறுதிக்குள் 1,18,000 பேர் அளவில் தொற்று. 10 லட்சத்துக்கு 42,000. பெல்ஜியத்தில் அப்போது 7,400. இறப்போ கத்தாரில் 10 லட்சத்துக்கு 70 அளவில், பெல்ஜியத்தில் 860. கத்தாரின் மருத்துவமும் பரிசோதனையும் நன்றாக இருந்தன என்பது ஒரு காரணம். ஆனால் அந்த நாட்டு மக்களில் நான்கில் மூன்று பேர் ஆண்கள், பெரும்பாலோர் வேலைக்காக வந்த, உழைக்கும் வயதுக்காரர்கள். நெருக்கமான தங்குமிடங்களில் இருந்ததால் அவர்களுக்குத் தொற்று வேகமாகப் பரவியது. வயது குறைவு என்பதால் இறப்பு குறைந்தது. அவர்களின் முதிய பெற்றோர் வேறு நாடுகளின் கணக்கில் இருந்தார்கள்.

ஜப்பானில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள், நைஜீரியாவில் 3 பேர். இது விகிதத்தை எவ்வளவு மாற்றும் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். இரண்டு நாடுகள். இரண்டிலும் முதியவர்களில் 10 லட்சத்துக்கு 4,000 பேரும், மற்றவர்களில் 10 லட்சத்துக்கு 100 பேரும் இறக்கிறார்கள். அதாவது எந்த ஒரு மனிதருக்கும் ஆபத்து இரண்டு நாட்டிலும் ஒன்றேதான். முதல் நாட்டில் முதியோர் 5 சதவீதம் என்றால் மொத்த விகிதம் 295. இரண்டாம் நாட்டில் 25 சதவீதம் என்றால் 1,075. மூன்றரை மடங்குக்கு மேல் வேறுபாடு, நிர்வாகத்திலோ மருத்துவத்திலோ எந்த வேறுபாடும் இல்லாமலே. இதைச் சரிசெய்ய, இரண்டு நாட்டுக்கும் ஒரே வயது அமைப்பு இருந்தால் விகிதம் என்னவாக இருக்கும் என்று மறுபடி கணக்கிடுவார்கள். வயதுத் தரப்படுத்தல் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்ட முறை இது. ஆனாலும் நாம் தினமும் பார்த்த பட்டியல்களில் அது இல்லை. வயதுவாரி விவரத்தை ஒரே மாதிரி வெளியிட்ட நாடுகள் குறைவு.

எதால் வகுப்பது?

2020 ஆகஸ்ட் 3 அன்று ஒளிபரப்பான, ஆக்சியோஸ் என்ற செய்தி நிறுவனத்தின் பேட்டியில் அன்றைய அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் சில அச்சிட்ட வரைபடங்களைக் காட்டினார். தொற்று வந்தவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தால் அமெரிக்கா மற்ற நாடுகளை விட நன்றாக இருக்கிறது என்பது அவர் வாதம். பேட்டி எடுத்த ஜொனாதன் ஸ்வான், மக்கள்தொகையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டார். அப்படிப் பார்க்கக் கூடாது என்றார் அதிபர்.

அந்த நாளின் எண்களை ஜெர்மனியோடு வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் 47 லட்சம் தொற்று, 1 லட்சத்து 55 ஆயிரம் இறப்பு. தொற்றாளர்களில் இறந்தவர்கள் 3.3 சதவீதம். ஜெர்மனியில் 2 லட்சத்து 11 ஆயிரம் தொற்று, 9,150 அளவில் இறப்பு, 4.3 சதவீதம். இப்படிப் பார்த்தால் அமெரிக்காவின் நிலைதான் நல்லது. மக்கள்தொகையால் வகுத்தால் அமெரிக்காவில் 10 லட்சத்துக்கு 470, ஜெர்மனியில் 110. அமெரிக்கா நான்கு மடங்கு மோசம். இரண்டு கணக்கும் சரியானவை, கேள்விதான் வேறு. தொற்றாளர்களால் வகுத்தால், கண்டுபிடித்த நோயாளிகளை எவ்வளவு காப்பாற்ற முடிந்தது என்பதைத் தொட்டுப் பேசுகிறோம். அதிலும் பரிசோதனை அதிகமானால் எண் தானாகவே அழகாகும். மக்கள்தொகையால் வகுத்தால் அந்த நாடு எத்தனை பேரை இழந்தது என்று கேட்கிறோம். நாடுகளின் இழப்பை ஒப்பிட வேண்டும் என்றால் இரண்டாவதுதான் கேள்வி. இதில் நடுவில் நிற்க எனக்கு இடம் தெரியவில்லை.

சாவுகளை எண்ணுவது

தொற்றை விட இறப்பை ஒப்பிடுவது பாதுகாப்பானது, ஏனென்றால் ஒரு சாவை மறைப்பது இருமலை மறைப்பது போல எளிதல்ல. ஆனால் எந்தச் சாவு கொரோனாச் சாவு? பெல்ஜியம் 2020 வசந்தத்தில், முதியோர் இல்லங்களில் பரிசோதனை செய்யாமலே கொரோனா என்று சந்தேகித்த இறப்புகளையும் சேர்த்து எண்ணியது. அதனால் உலகப் பட்டியலின் உச்சியில் நின்றது. மருத்துவமனைச் சாவுகளை மட்டும் எண்ணிய நாடுகள் கீழே இருந்தன. நேர்மையாக எண்ணியவருக்குக் கெட்ட பெயர் கிடைப்பது வேதனையான விஷயம், அது எண்ணுவதையே நிறுத்தச் சொல்லித் தரும்.

இதற்கு மாற்று, காரணத்தைக் கேட்காமல் எல்லாச் சாவுகளையும் எண்ணி, வழக்கமான ஆண்டில் எதிர்பார்க்கும் எண்ணிக்கையைக் கழிப்பது. மிஞ்சுவது கூடுதல் இறப்பு. உலக சுகாதார நிறுவனம் 2022 மே 5 அன்று வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் உலகில் கூடுதலாக இறந்தவர்கள் 1 கோடியே 49 லட்சம். நாடுகள் அறிவித்த கொரோனா இறப்புகள் 54 லட்சம்தான். இந்தியாவுக்கான மதிப்பீடு 47 லட்சம், அறிவித்தது 5 லட்சத்துக்கும் கீழே. இந்திய அரசு அந்தக் கணக்கிடும் முறையை ஏற்கவில்லை. முறையில் பலவீனங்கள் இல்லாமலும் இல்லை. "வழக்கமான ஆண்டு" எது என்பதை எப்படி வரைகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஜெர்மனி, ஸ்வீடன் மதிப்பீடுகளை அந்த நிறுவனமே பிறகு திருத்தியது. சாவுப் பதிவு முழுமையாக இல்லாத நாடுகளில் மதிப்பீட்டின் நிச்சயமின்மை இன்னும் அதிகம். ஆனாலும் சாவுகளைப் பதிவு செய்யும் நாடுகளை ஒப்பிட இதை விட நல்ல அளவுகோல் இதுவரை கிடைக்கவில்லை.

தொற்றுக்கும் இப்படி ஒரு சுத்தமான வழி இருந்தது. பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2020 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரிசோதித்தது. 2022 மார்ச் கடைசியில் இங்கிலாந்தில் 13 பேரில் ஒருவருக்குத் தொற்று என்று அதனால்தான் சொல்ல முடிந்தது. வீட்டிலேயே சோதித்துக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் விட்டவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. ஒவ்வொரு நாட்டிலும் இப்படி ஓர் ஆய்வு நடந்திருந்தால், நாம் பார்த்த பட்டியலில் பாதிச் சண்டைகள் இருந்திருக்காது. அதற்குப் பணமும் ஆட்களும் வேண்டும். பெரும்பாலான நாடுகளிடம் அது இல்லை.

பெரு நாட்டிடமும் இல்லை. ஆனால் அங்கே சாவுகளைப் பதிவு செய்யும் ஒரு தேசியக் கணினி முறை இருந்தது. கொரோனா என்று அறிவித்த சாவுகளுக்கும் அந்தப் பதிவேட்டில் கூடியிருந்த சாவுகளுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்ததும், அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. பரிசோதனை முடிவை மட்டும் பார்க்காமல் ஸ்கேன், அறிகுறி, தொற்றாளரோடு தொடர்பு, இறப்புச் சான்றிதழ் என ஏழு அளவுகோல்களை வைத்து அவர்கள் பழைய சாவுகளை மறுபடி பார்த்தார்கள். 2021 மே 31 அன்று 69,342 என்று இருந்த எண்ணிக்கை 1,80,764 ஆனது. 3 கோடியே 30 லட்சம் பேர் உள்ள நாட்டில் 10 லட்சத்துக்கு 2,100 என்பது ஒரே நாளில் ஏறக்குறைய 5,500 ஆகி, மக்கள்தொகை விகிதப் பட்டியலில் பெரு உலகின் முதலிடத்துக்கு வந்தது. அன்று சேர்ந்த ஒரு லட்சத்துப் பதினோராயிரம் பேரும் முன்பே இறந்தவர்கள். அவர்கள் வீட்டாருக்கு அது முன்பே தெரியும்.